பழைய சிறகு, புதிய கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் லாக் ஹேவன். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அந்த ஊரின் சின்ன விமானத் தளத்துக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் விருந்தாளிகள் பறந்து வருகிறார்கள். வந்திறங்கும் விமானங்களில் மஞ்சள் நிறமே தூக்கல். பக்கவாட்டில் மின்னல் போல ஒரு கறுப்புக் கோடு. பைப்பர் கப் என்ற இரு இருக்கை விமானத்தின் பிறந்த வீடு அது. புகழ்பெற்ற ஜே-3 ரகம் அங்கே கடைசியாக உருவானது 1947-ல். தொழிற்சாலையே 1984-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் 1986-ல் தொடங்கிய இந்தக் கோடைக் கூடல் இன்றும் தொடர்கிறது.

கப் என்றால் கரடிக்குட்டி. இந்தக் குட்டியைக் கிளப்புவதே ஒரு சடங்கு. பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட்டுச் சட்டென்று விலகுகிறார். இருக்கைகள் ஒன்றின் பின் ஒன்றாக இருக்கும். தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் எடை சமமாக நிற்கும். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்பதைக் காட்டுவது தக்கையில் செருகிய ஒரு கம்பி. டாங்க் மூடியின் துளை வழியாக அது மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். எஞ்சின் 65 குதிரைத் திறன். வேகம் மணிக்குச் சுமார் 120 கி.மீ. எதிர்காற்று பலமாக வீசினால் கீழே நெடுஞ்சாலையில் போகும் கார்கள் முந்திவிடும்.

எண்ணெய்க் கிணறு முதலாளியாக இருந்த வில்லியம் டி. பைப்பர், நொடித்துப்போன டெய்லர் சகோதரர்களின் கம்பெனிச் சொத்தை 761 டாலருக்கு வாங்கியதில் தொடங்குகிறது இதன் கதை. 1937-க்கும் 1947-க்கும் இடையில் சுமார் 20,000 ஜே-3 விமானங்கள் தயாராயின. அமெரிக்க அரசு 1938-ல் அறிவித்த குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டத்தில் 4,35,000-க்கும் மேற்பட்டோர் பறக்கக் கற்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முதல் பாடம் சொல்லித் தந்தது இந்தக் கரடிக்குட்டிதான்.

இன்று இதைத் தேடி வாங்குபவர்கள் எல்லோரும் பழைய நினைவில் மயங்கியவர்கள் என்று நினைத்தால் தவறு. வலப்பக்கக் கதவு இரண்டாகப் பிரிந்து மேலும் கீழுமாகத் திறக்கும்; பறக்கும்போதே திறந்து வைத்துக்கொள்ளலாம். முந்நூறு மீட்டர் உயரத்தில் வயல், வேலி, ஆற்று மணல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வேகம் குறைந்தால் கைப்பிடி தளர்வது கையிலேயே தெரியும். கருவியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பழுது பார்ப்பதும் எளிது. பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே இழுத்துப் போர்த்திய துணி, அவ்வளவுதான். செலவும் குறைவு: மணிக்குச் சுமார் 17 லிட்டர் பெட்ரோல் போதும்.

இவ்வளவு எளிமையான பொருளை நவீனமாக்க வேண்டும் என்று புறப்படுகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது காகிதமும் பென்சிலும். ஜே-3-இன் வெற்று எடை 347 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 553 கிலோ. வித்தியாசம் 206 கிலோ. அதில் 45 லிட்டர் பெட்ரோல் 33 கிலோவைத் தின்றுவிடும். மிச்சம் 173 கிலோவில் இரண்டு பேர், அவர்களுடைய பைகள். இந்தக் கணக்கில் பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ரேடியோ என்று ஒவ்வொன்றாக ஏற்றினால் ஒரு கட்டத்தில் நண்பரைத் தரையில் விட்டுவிட்டுப் போக வேண்டிவரும். இரண்டு இருக்கை விமானம் ஓர் இருக்கை விமானமாகிவிடும். காருக்கு ஏ.சி. பொருத்துவது போன்ற வேலை அல்ல இது.

ஆகவே நல்ல மாற்றங்கள் பெரும்பாலும் கண்ணில் படாதவை. துணியையே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் போர்த்தியது பருத்தித் துணி. அதை விறைப்பாக்கப் பூசிய டோப் என்ற திரவம் எளிதில் தீப்பற்றும். வெயிலிலும் மழையிலும் நின்றால் சில ஆண்டுகளில் துணி நைந்துவிடும். இப்போது போர்த்துவது பாலியெஸ்டர். சட்டத்தில் ஒட்டி, வெப்பத்தை அளந்து வைத்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் துணி தானே சுருங்கி முரசுத் தோல் போல இறுகும். கவனமாக வைத்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் தாங்கும். தூர நின்று பார்ப்பவருக்கு 1940-ல் பார்த்த அதே விமானம்தான்.

இன்னோர் உதாரணம், இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பங்கள். இவை உள்ளீடற்ற எஃகுக் குழாய்கள். உள்ளே ஈரம் புகுந்தால் வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். இந்தக் கம்பங்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1990களில் உத்தரவிட்டது. ஈரம் புகாதபடி மூடி அடைத்த புதிய கம்பங்களைப் பொருத்திவிட்டால் அந்தச் சோதனைத் தொல்லை தீரும். பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் உயிர் தொங்குவது அந்தக் கம்பத்தில்.

கண்ணில் படும் மாற்றங்களுக்குத்தான் சட்டம் குறுக்கே நின்றது. சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் அங்கீகரித்த வரைபடத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். புதுக் கருவி எதுவானாலும் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். அதற்கான செலவு சில சமயம் கருவியின் விலையை விழுங்கிவிடும். வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டவர் மலிவான மின்னணுத் திரையைப் பொருத்திக்கொள்ளலாம்; தொழிற்சாலையில் பிறந்த விமானத்தின் சொந்தக்காரர் அதையே பொருத்த முடியாது என்ற விசித்திரம் நெடுநாள் நீடித்தது. விஸ்கான்சினில் ஆஷ்காஷ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இ.ஏ.ஏ. என்ற அமைப்பு 2016-ல் இந்தச் சுவரில் ஒரு துளை போட்டது. செஸ்னா 150, 152 போன்ற பழைய விமானங்களில் டைனான் கம்பெனியின் சிறு திரையைப் பொருத்த ஒப்புதல் வாங்கியது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் பழைய சுழல் கருவி தேய்ந்து பொய் சொல்லத் தொடங்கும். மேகத்துக்குள் அதை நம்பினால் ஆபத்து. சுழலும் பாகமே இல்லாத திரை எடையும் குறைவு, தேய்மானமும் இல்லை.

ஆனால் திரைக்கு ஆசைப்படுகிற அளவுக்குத் தோள் வாருக்கு ஆசைப்படுகிறவர்கள் இல்லை. பழைய விமானங்களில் இருந்தது இடுப்பு வார் மட்டுமே. திடீரென்று மோதினால் இடுப்பு நிற்கும். தலையும் மார்பும் கருவிப் பலகையில் போய் இடிக்கும். 1978 ஜூலை 18-க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களின் முன் இருக்கைகளுக்குத் தோள் வார் இருந்தே ஆக வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அதற்கு முன் பிறந்தவற்றுக்கு விலக்கு உண்டு. வார் சில கிலோதான். விலையும் திரையோடு ஒப்பிட்டால் சொற்பம். இருந்தும் பல விமானங்களில் இது கடைசிக் காரியமாகவே நிற்கிறது. நவீனம் என்ற சொல் ஒளிரும் பொருளை மட்டுமே குறிப்பதாக நாம் பழகிவிட்டதன் விளைவு இது.

கப்புக்குப் பின் வந்த தலைமுறையின் நாயகன் செஸ்னா 150. உலோக உடல், அருகருகே இரண்டு இருக்கைகள், மூக்கின் கீழ் ஒரு சக்கரம். 1958 முதல் 1977 வரை ஏறத்தாழ 23,800 விமானங்கள் வெளிவந்தன. இதன் 100 குதிரைத் திறன் கான்டினென்டல் எஞ்சின், ஈயம் குறைவாகக் கலந்த 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. 1970களில் அந்த பெட்ரோல் மறையத் தொடங்கியது. பதிலுக்கு வந்த 100 எல்.எல். ரகத்தின் பெயரில் ஈயம் குறைவு என்று இருந்தாலும், அதில் அனுமதிக்கப்பட்ட ஈயம் பழைய 80 ரகத்தைப் போல நான்கு மடங்கு. ஸ்பார்க் பிளக்குகளில் ஈயம் படிந்து எஞ்சின் திக்கியது. இந்தப் புது பெட்ரோலுக்கு ஒத்துப்போக லைக்கமிங் எஞ்சினோடு 1977-ல் வந்ததுதான் செஸ்னா 152.

இப்போது சக்கரம் திரும்பி வந்திருக்கிறது. விமான எஞ்சின்கள் கக்கும் ஈயம் மக்களின் உடல் நலத்துக்குக் கேடு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2023 அக்டோபரில் முறைப்படி அறிவித்தது. ஈயமில்லாத பெட்ரோலுக்கு மாறுவது அதிக அழுத்தத்தில் இயங்கும் பெரிய எஞ்சின்களுக்குத்தான் தலைவலி. கப், செஸ்னா 150 போன்றவற்றின் சாதுவான எஞ்சின்களுக்கு அது பெரிய சிக்கல் அல்ல. கார் பெட்ரோலில் ஓட செஸ்னா 150-க்கு இ.ஏ.ஏ. 1982-லேயே ஒப்புதல் வாங்கிவிட்டது. ஒரே நிபந்தனை, அதில் எத்தனால் கலந்திருக்கக் கூடாது. வருங்கால எரிபொருளுக்கு முன்கூட்டியே தயாராக இருப்பது பழைய எஞ்சின்!

அப்படியென்றால் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால் என்ன? செஸ்னா கம்பெனியே செய்து பார்த்தது. 2007-ல் ஸ்கைகேட்சர் என்ற இரு இருக்கை விமானத்தை அறிவித்தது. அழகான திரை, விசாலமான அறை, செலவைக் குறைக்கச் சீனாவின் ஷென்யாங் நகரில் தயாரிப்பு. ஆரம்ப விலை 1,09,500 டாலர். பிறகு அது 1,49,900 ஆனது. இலகு ரகத்துக்கு விதித்திருந்த 600 கிலோ வரம்புக்குள் அடங்க வேண்டியிருந்ததால், டாங்கை நிரப்பினால் இரண்டு பேருக்கு மிஞ்சியது சுமார் 155 கிலோ. கப் தருவதைவிடக் குறைவு. இருநூறு கூட விற்கவில்லை. விற்காமல் தேங்கியவற்றை 2016-ல் உடைத்துப் பழைய இரும்போடு சேர்த்தார்கள். அதே சமயத்தில் அரை நூற்றாண்டு வயதான 150-கள் வானில் பறந்துகொண்டிருந்தன.

எடை வரம்பு சந்தையையும் ஆட்டிப்படைத்தது. 2004-ல் வந்த விதிப்படி, மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் கார் ஓட்டும் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலகு ரக விமானங்களை ஓட்டலாம். 553 கிலோ கப் அதற்குள் அடங்கியது. 726 கிலோ செஸ்னா 150 அடங்கவில்லை. மருத்துவரிடம் போகத் தயங்கிய மூத்த விமானிகளின் கண் மஞ்சள் விமானங்கள் மீது விழுந்தது. 2025 ஜூலையில் எஃப்.ஏ.ஏ. இந்த அளவுகோலை மாற்றிவிட்டது. இப்போது எடை கேள்வி இல்லை. எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதே கேள்வி. செஸ்னா 150-உம் 152-உம் உள்ளே வந்துவிட்டன.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. செஸ்னா 150 விற்பனைக்கு வந்த அதே 1958-ல், செப்டம்பர் 28 அன்று பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்டின் புஷ்பக் முதல் முறையாகப் பறந்தது. வி.எம். காட்கே தலைமையில் உருவான விமானம் அது. கப்பின் போட்டியாளரான ஏரோங்கா சீஃப் என்ற அமெரிக்க விமானத்தின் சாயல் கொண்டது. எஃகுக் குழாய், துணி, 90 குதிரைத் திறன் எஞ்சின். 150-க்கும் மேற்பட்டவை நாட்டின் பறக்கும் கழகங்களுக்குப் போயின. ஒரு தலைமுறை இந்திய விமானிகளுக்கு அரிச்சுவடி கற்பித்துவிட்டு மெல்ல மறைந்தது புஷ்பக். லாக் ஹேவன் போல அதற்கு ஆண்டுதோறும் கூடிக் கொண்டாடும் ஊர் வாய்க்கவில்லை.

இங்கே பழைய விமானம் ஆசைப்பட்டு வாங்கும் பொருள் அல்ல. வேறு வழியில்லாமல் ஏறும் வண்டி. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நம் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் அந்த மணிகளைச் சுமப்பது செஸ்னா 152. அதன் உற்பத்தி 1985-ல் நின்றுவிட்டது. ஆக, இருப்பதிலேயே இளைய 152-க்கும் வயது 40. அதில் ஏறும் மாணவருக்கு 18 அல்லது 20. ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் உண்டு; அதில் ஈய பெட்ரோலின் விலையும் அடக்கம். அந்த பெட்ரோலைக்கூட இந்தியன் ஆயில் 2022-ல் வடோதராவில் தயாரிக்கத் தொடங்கும்வரை இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். விமானம் பழுதாகி நின்றால் மாணவரின் நாட்கள் வீணாகும். வட்டி மட்டும் நிற்காது.

மாற்று இல்லாமல் இல்லை. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா என்ற இரு இருக்கை விமானம் 1993-லேயே பறந்தது. அதன் புதிய வடிவமான ஹன்சா என்.ஜி. 2021 செப்டம்பரில் பறந்தது. இழைக் கலவை உடல், மின்னணுத் திரைகள், ஈயமில்லாத பெட்ரோலிலும் ஓடும் ரோட்டாக்ஸ் எஞ்சின். ஆனால் ஸ்கைகேட்சரின் பாடத்தை மறக்காமல் இருப்பது நல்லது. புதியது என்பதால் மட்டும் ஒரு பயிற்சி விமானம் பழையதை ஓரங்கட்டிவிடாது. மணிக்கு என்ன செலவு, உதிரிப் பாகம் எத்தனை நாளில் வரும், டாங்க் நிரம்பினால் மாணவரும் பயிற்சியாளரும் சேர்ந்து ஏற முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

அதுவரை 152-கள் பறக்கும். பறக்கட்டும். தோள் வாரைச் சரிபார்த்து, துருவைத் தேடி, தேய்ந்த கருவியை மாற்றி, அதன் பிறகு வண்ணத் திரைக்கு வரலாம். ஒவ்வொரு பறத்தலுக்கு முன்பும் மாணவர் ஒரு தாளில் தன் எடையையும் பயிற்சியாளரின் எடையையும் பெட்ரோலின் எடையையும் கூட்டி எழுதுகிறார். நவீனமாக்க விரும்பும் பள்ளிக்கும் அரசுக்கும் தேவைப்படுவது அதே தாள்தான்.