ராகு எந்தக் கடிகாரம் பார்க்கிறார்?

இன்று ஏழை, பணக்காரர் அனேகமாய் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கின்றது. அதன் கோபுரங்கள் பெரும்பாலும் மணி சரிபார்ப்பது, 20,000 கிலோ மீட்டருக்கும் மேலே சுற்றும் செயற்கைக் கோள்களிலுள்ள அணுக் கடிகாரங்களைக் கொண்டேயாகும். நம் மக்களோ அதில் திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகுகாலம் பார்த்து, வாசற்படி தாண்டாமல் உட்கார்ந்திருக்கின்றார்கள்!

இந்தியாவுக்கு ஒரே மணி ஏற்பட்டது 1906-ல்தான். அதற்கு முன்னிருந்த சென்னை மணி இதற்குச் சுமார் 9 நிமிஷம் பிந்தியது. வெள்ளைக்காரன் முள்ளை முன்னே தள்ளியவுடன், ராகு பகவானும் 9 நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாரா? "சூரிய உதயத்திலிருந்து எண்ணவேண்டும்" என்பார்கள் பஞ்சாங்கக்காரர்கள். அப்படியானால் தேதி கிழிக்கும் காலண்டரில் வருஷம் முழுதும் அதே 7.30 அச்சடிப்பானேன்?

வெறும் வேடிக்கையானால் நாம் எழுதவேண்டியதில்லை. வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கும் ஆபரேஷனுக்கும் ஜோசியரிடம் மணி குறித்துக்கொண்டு டாக்டரிடம் போகின்றார்கள். நல்ல நட்சத்திரம் என்று நாள் முற்றாத பிள்ளையை எடுத்தால், அது மூச்சுத் திணறும்போது ஜாதகம் என்ன செய்யும்? இதற்குச் சில படித்த டாக்டர்களும் இணங்குகின்றார்கள். படுக்கையில் கிடக்கும் பெண்ணை மாத்திரம் ஒரு வார்த்தை கேட்பாரில்லை.