வாழ்த்துப் படம் வேண்டாம், முழுப் படம் பாருங்கள்



இன்று ஏப்ரல் 5. பழைய ஹாலிவுட்டின் மூன்று பெரிய நடிகர்களுக்கு இன்று பிறந்தநாள். ஸ்பென்சர் ட்ரேசி பிறந்தது 1900, பெட்டி டேவிஸ் 1908, கிரிகோரி பெக் 1916. எட்டெட்டு வருட இடைவெளியில் ஒரே தேதி. ஒரு கணக்கு டீச்சர் இந்த நாளை மறக்காமலிருக்க இது போதாதா?

ஓய்வு பெற்ற பிறகு நான் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. பிடித்த நடிகரின் பிறந்தநாள் வந்தால் அவர் நடித்த படம் ஒன்றைத் திரும்பவும் பார்ப்பேன். ஏப்ரல் 16 என்றால் சாப்ளின். மே 4 என்றால் ஆட்ரி ஹெப்பர்ன். மே 20 என்றால் ஜேம்ஸ் ஸ்டுவர்ட். டைரியில் எல்லாத் தேதியும் குறித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் இதைக் கேள்விப்பட்ட என் அண்ணன் மகன் சிரித்தான். "போய்ச் சேர்ந்தவங்களுக்கு எதுக்கு அத்தை பர்த்டே? நல்ல சீன் நாலு நிமிஷ கிளிப்பா கிடைக்குது. ஸ்டேட்டஸ்ல போட்டா முடிஞ்சுது."

அவனுக்கு நேரில் சொன்ன பதிலை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். முடியவில்லை தம்பி. விடையை மட்டும் எழுதி அடிக்கோடு போட்ட பேப்பருக்கு நான் என்றைக்காவது முழு மார்க் போட்டிருக்கிறேனா? என்னிடம் படித்தவர்களைக் கேட்டுப் பார். படிகள் வேண்டும். கிளிப் என்பது படிகள் இல்லாத விடை.

இன்றைய மூவரையே எடுத்துக்கொள்வோம்.

பெட்டி டேவிஸ் என்றால் 'ஆல் அபௌட் ஈவ்', 1950. 14 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற படம். முதலில் அந்த வேடத்துக்குப் பேசியிருந்தது கிளாடெட் கோல்பெர்ட்டை. அவருக்கு முதுகில் அடிபட்டதால் டேவிஸுக்கு வந்தது. அப்போது டேவிஸுக்கு 42 வயது. நடிகைகளுக்கு நல்ல வேடங்கள் குறைய ஆரம்பிக்கும் வயது. படத்திலும் அவர் நாற்பதைத் தொட்ட ஒரு நாடக நடிகைதான், பெயர் மார்கோ. எல்லோரும் பகிரும் கிளிப், ஒரு பிறந்தநாள் விருந்தில் மார்கோ மாடிப்படியருகே நின்று விருந்தினரை எச்சரிக்கும் காட்சி. அதை மட்டும் பார்ப்பவர்கள் "என்ன திமிர் இந்தப் பொம்பளைக்கு" என்று ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தத் திமிருக்கு அடியில் எவ்வளவு பயம் என்பது பின்னால்தான் வரும். பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நிற்கும் காருக்குள், குளிரில், மார்கோ தன் தோழியிடம் மெதுவாகப் பேசுவார். மேலே ஏறுவதற்காக ஒரு பெண் எதையெல்லாம் வழியில் உதிர்த்துவிட்டு வருகிறாள், பிறகு அதெல்லாம் எப்படித் தேவைப்படுகிறது என்று. தன்னைவிட இளையவள் ஒருத்தி தன் இடத்தில் உட்காரப் போகிறாள் என்று தெரிந்த எந்தப் பெண்ணுக்கும், ஆணுக்கும்தான், அந்தக் காட்சி புரியும். ஓய்வு பெறும் வயதை நெருங்கும் என் பழைய மாணவிகள் அதை அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் விருந்துக் காட்சியைப் பார்க்காமல் கார் காட்சிக்குப் போனாலும் பலனில்லை. படி முக்கியம்.

கிரிகோரி பெக் என்றால் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', 1962. அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். நாவலை எழுதிய ஹார்ப்பர் லீ, தன் அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தைப் பெக்குக்குப் பரிசாகக் கொடுத்தார் என்றால் அவர் நடிப்பு அந்தக் குடும்பத்தை எப்படித் தொட்டிருக்கும் என்று யோசியுங்கள். இங்கே பிரபலமான கிளிப், வக்கீல் அட்டிக்கஸ் ஃபிஞ்ச் நீதிமன்றத்தில் பேசும் இறுதி வாதம். அலபாமாவில் ஒரு சின்ன ஊர், 1930கள். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்காக ஒரு வெள்ளைக்கார வக்கீல் வாதாடுகிறார். கேட்டால் மயிர்க்கூச்செறியும்.

ஆனால் அந்த அருமையான பேச்சு வழக்கை ஜெயிக்கவில்லை. டாம் குற்றவாளி என்றுதான் தீர்ப்பு வருகிறது. பிறகு அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கிளிப்பில் இது இல்லை. கிளிப் முடியும்போது நமக்கு ஒரு நிறைவு வருகிறது. படம் முடியும்போது அந்த நிறைவு கலைந்திருக்கும். கலைக்கத்தான் படம் எடுத்தார்கள்.

இருபது வயதில் ஒரு காலைக் காட்சியில் இதை முதலில் பார்த்தபோது என் கண் முழுக்க அட்டிக்கஸ் மேல். இப்போது டாமாக நடித்த பிராக் பீட்டர்ஸ் மேல்தான் நிற்கிறது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துப் பாவமாக இருந்தது என்று அவர் கூண்டில் சொன்னதும் அரசு வக்கீலின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். ஒரு கறுப்பர் வெள்ளையரைப் பார்த்து இரக்கப்படுவதா! அந்த ஊரில் அதுவே ஒரு குற்றம். 2003 ஜூனில் பெக் இறந்தபோது அவருக்கு அஞ்சலி உரை ஆற்றியவர் இதே பிராக் பீட்டர்ஸ். 

ஸ்பென்சர் ட்ரேசி என்றால் 'கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்', 1967. அவருடைய கடைசிப் படம். உடல்நிலை மோசம், காப்பீடு கொடுக்க நிறுவனங்கள் தயாராக இல்லை. இயக்குநர் ஸ்டான்லி கிராமரும் உடன் நடித்த கேதரின் ஹெப்பர்னும் தங்கள் சம்பளத்தையே பிணையாக வைத்தார்கள். ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் ட்ரேசியால் வேலை செய்ய முடிந்தது. தன் பங்கை நடித்து முடித்த 17ஆம் நாள், ஜூன் 10 அன்று, காலமானார். இரண்டே நாள் கழித்து, ஜூன் 12 அன்று, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணம் செய்வதைத் தடுத்த சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை 16 மாநிலங்களில் அப்படித் தடை இருந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் முற்போக்குப் பத்திரிகை நடத்தும் அப்பா. மகள் ஒருநாள் சிட்னி பாய்ட்டியர் நடித்த கறுப்பின டாக்டரைக் கூட்டிவந்து நிறுத்துகிறாள். ஊருக்கெல்லாம் சமத்துவம் சொன்ன மனிதருக்குத் தன் வீட்டு வாசலில் அது வந்து நின்றதும் வாய் அடைத்துப்போகிறது. படம் முழுக்க ஒரே நாள். அந்த ஒரு நாள் அவர் தவிக்கிற தவிப்புதான் படம். கிளிப்பில் வருவதோ அவர் மனம் மாறி எல்லோரையும் உட்கார வைத்துப் பேசும் கடைசிப் பேச்சு மட்டும்.

அந்த மாற்றம் தானாக வரவில்லை. பையனின் அம்மா, பியா ரிச்சர்ட்ஸ், அவரிடம் தனியாகப் பேசுகிறார். உங்களுக்கு வயதாகிவிட்டது, காதல் என்றால் என்னவென்றே மறந்துபோய்விட்டீர்கள் என்கிற அர்த்தத்தில். அந்த அம்மாள் சொன்னது உள்ளே இறங்கியதால்தான் இவர் வாய் திறக்கிறார். கிளிப் அந்த அம்மாளை விட்டுவிடுகிறது. எல்லாப் பெருமையும் அப்பாவுக்குப் போய்விடுகிறது. நம் வீடுகளிலும் இப்படித்தானே நடக்கிறது?

உறவுகளுக்கு இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். நம் குடும்பத்தில் மேடையில் ஒன்றும் கல்யாணப் பேச்சில் ஒன்றும் பேசாதவர்கள் எத்தனை பேர்? வேறு சாதியில் மாப்பிள்ளை என்றதும் "எனக்கொன்னும் இல்லம்மா, நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று ஆரம்பிக்காதவர்கள் எத்தனை பேர்? அந்த நாலு பேர் யாரென்று நானும் இத்தனை வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. ட்ரேசியின் முகத்தில் தெரிகிற அந்தத் தவிப்பை முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசினால், நம் வீட்டுப் பேச்சும் கொஞ்சம் நேர்மையாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

"பழைய படங்களில் குறைகள் இல்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. மாக்கிங்பேர்டில் டாமின் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதைப் படம் அதிகம் காட்டுவதில்லை. ட்ரேசி படத்தில் மாப்பிள்ளையாக வருபவர் உலகப் புகழ் பெற்ற டாக்டர், ஒரு குறையும் இல்லாத உத்தமர். அவர் சாதாரண தபால்காரராக இருந்திருந்தால் அந்த அப்பா என்ன செய்திருப்பார் என்ற கேள்வியைப் படம் தொடவே இல்லை.

இதனால்தான் நினைவு நாளைவிடப் பிறந்தநாள் நல்லது என்கிறேன். நினைவு நாளில் நாம் குறை பேச மாட்டோம். மாலை போட்டு, கும்பிட்டு, நகர்ந்துவிடுவோம். பிறந்தநாள் வீட்டில்தான் கேலி நடக்கும், கேள்வி நடக்கும், வந்தவர்கள் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு நடிகரை இன்னும் உயிரோடு இருப்பவர் போல நடத்த வேண்டுமென்றால் அவரோடு வாதம் செய்ய வேண்டும். வாதம் செய்ய முழுப் படமும் பார்த்திருக்க வேண்டும்.

கேதரின் ஹெப்பர்ன், ட்ரேசியின் அந்தக் கடைசிப் படத்தை முடிந்த வடிவில் பார்க்கவே இல்லை. அவருக்கு அது தாங்க முடியாத துக்கம். நமக்கு அந்தக் காரணம் கிடையாது. நேரமில்லை என்பீர்கள். மூன்று படமும் சேர்த்தால் சுமார் ஆறே கால் மணி நேரம். நம்மில் பலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நேரத்தைவிட அதிகமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே வீட்டுப்பாடம். உங்களுக்குப் பிடித்த ஒரு நடிகரையோ நடிகையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட்தான் என்றில்லை, யாராக இருந்தாலும் சரி. பிறந்த தேதியைக் குறித்து வையுங்கள். அன்று ஒரே ஒரு படம், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, சப்டைட்டில் போட்டு, போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். முடிந்ததும் அவரோடு பத்து நிமிடம் பேசுங்கள்.

எந்த நடிகர், எந்தப் படம், எதில் உங்களுக்கு உடன்பாடில்லை என்று கீழே எழுதுங்கள். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் எழுதினால் மார்க் கிடையாது. படிகள் வேண்டும்.