பட்ட மூங்கிலும் ரிகார்டு நோட்டும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

என் தந்தையார் கூடை முடைபவர். மூங்கிலைக் கையில் எடுத்ததும் கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். ஓசை மங்கியிருந்தால் அது அடுப்புக்குத்தான். அப்படி அவர் ஒதுக்கிய பட்ட மூங்கில் ஒன்றின்மேல், மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருந்தன. சென்ற மழைக்காலத்தில் அதில் ஒரு சாண் வெட்டிக் கல்லூரிக்கு எடுத்து வந்தேன். "இத்துப்போன மூங்கிலப் படிக்கவா ராசா காலேசு போற?" என்று அப்பா சிரித்தார்.

செய்முறை வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் அனுமதி தந்தார். ஒரு புள்ளியை ஊசியால் சுரண்டி ஸ்லைடில் வைத்து, லாக்டோபினால் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அது புள்ளியே அன்று. பழுப்பு நிற ஸ்போர்களின் கூட்டம்! ஒவ்வொன்றும் மைசூர்ப் பருப்புப் போல, நேரே பார்த்தால் வட்டம், பக்கவாட்டில் தட்டை. விளிம்பில் வெளிறிய கோடு ஒன்று. ஈரம் பட்டதும் அந்தக் கோட்டின் வழியேதான் முளைக்குழல் வெளிவருமாம். நூறு ஸ்போர்களை வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வரும்.

'ஆர்த்ரீனியம்' வகைப் பூஞ்சை என்றார் ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் சி. வி. சுப்பிரமணியன், இந்திய ஹைபோமைசீட்ஸ் பூஞ்சைகளைப் பற்றி எழுதிய நூல் 1971-இல் வெளிவந்தது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஆர்த்ரீனியத்தில் பலவற்றை 2021-இல் 'ஏபியோஸ்போரா' என்ற பேரினத்திற்கு மாற்றிவிட்டார்கள். பெயர் மாறியதைப் பற்றிப் பூஞ்சைக்கு என்ன கவலை!

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. நம் ரிகார்டு நோட்டுகளில் உள்ள பூஞ்சைப் படங்களில் எத்தனையை நாம் கண்ணால் கண்டு வரைந்தோம்? சீனியர் அண்ணனின் நோட்டைப் பார்த்து வரைந்தோம். அவர் அவருடைய சீனியரின் நோட்டைப் பார்த்து வரைந்தார். கோதுமையே விளையாத ஊரிலிருந்து வந்த நான், கோதுமைத் துருநோயை மிக அழகாக வரைந்து 'நன்று' வாங்கியிருக்கிறேன். என் கொல்லையில் கிடந்தது என்னவென்று மட்டும் எனக்குத் தெரியாது.

"தேர்வில் வராததைப் பார்த்து என்ன பயன்?" என்பர் நண்பர்கள். நானும் மதிப்பெண்ணை நம்பி வந்தவன்தான். எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் பட்டம். அதன்மேல் கடனும் இருக்கிறது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். பல வகை மூங்கில்கள் ஒருமுறை பூத்ததும் புதரோடு பட்டுப்போகின்றன. அவ்வளவும் மக்காமல் நின்றால் காடு என்னவாகும்? பச்சையமற்ற பூஞ்சை தன் நொதிகளை வெளியே சுரந்து, மூங்கிலைக் கரைத்து உறிஞ்சி, மீண்டும் மண்ணாக்குகிறது. இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சைகள் சுமார் ஒன்றரை இலட்சம். 2017-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் இருப்பவையோ 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை. பெயரில்லாத அக்கூட்டத்தில் ஒன்றிரண்டு நம் ஊர்க் குப்பைமேட்டிலும் இருக்கக்கூடும்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு செய்முறை வகுப்பையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். அவரவர் ஊரிலிருந்து ஒரு மூங்கில் துண்டோ, பனைமட்டையோ, வைக்கோலோ கொண்டுவரட்டும். கண்டதைக் கண்டபடி வரையட்டும். படம் கோணலாக இருந்தாலும் மதிப்பெண் தர வேண்டும்.

என் படமும் கோணல்தான். அப்பாவிடம் காட்டினேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் ஓசையத் தின்னுதா?" என்றார்.