போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிப்பதா?

கூரை தீப்பற்றினால் தீயணைப்பு வண்டியை நாம் கூப்பிடுகிறோம். பிரசவ வலி கண்டால் 108 வண்டியை நாம் கூப்பிடுகிறோம். போலீஸ் வண்டி மட்டும் நாம் கூப்பிட்டாலும் வரும், கூப்பிடாமலும் வரும். முதல் இரண்டும் தாமதமாக வந்தால் சர்க்காரைக் கண்டிக்கிறோம். அதற்கு வழி இருக்கிறது. மூன்றாவது வண்டி நள்ளிரவில் வந்து ஒரு கூலிக்காரனை ஏற்றிக்கொண்டு போனால், அவனுடைய மனைவி யாரிடம் போய் முறையிடுவது?

கெடார் வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், செங்கல் சூளையில் உழைக்கிறவர்கள் அனைவருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. கெடாரில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அந்த ஸ்டேஷன் மீது குற்றப்பத்திரிகை வாசிப்பது நம் நோக்கமல்ல. எந்த ஊர் ஸ்டேஷனில் அநியாயம் நடந்தாலும், அதை விசாரிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே நாம் கேட்பது.

தமிழ்நாட்டுச் சட்டம் இதற்கு என்ன பதில் சொல்கிறது? 2013-ஆம் வருஷத்துப் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் புகார் ஆணையம் ஒன்றை வகுத்தது. மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். அங்கத்தினர்கள் போலீஸ் டைரக்டர் ஜெனரலும், சட்டம் ஒழுங்கைக் கவனிக்கும் கூடுதல் டைரக்டர் ஜெனரலும். ஜில்லா ஆணையத்தின் தலைவர் கலெக்டர். அங்கத்தினர்கள் போலீஸ் சூப்பரிண்டெண்டும் கூடுதல் சூப்பரிண்டெண்டும். அதாவது, சப்-இன்ஸ்பெக்டர் அடித்தார் என்று புகார் சொன்னால், அந்தச் சப்-இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போடுகிற அதிகாரிகளே உட்கார்ந்து விசாரிப்பார்கள்!

இப்படிச் செய்யும்படி யாரும் சர்க்காரிடம் சொல்லவில்லை. நேர்மாறாகச் செய்யும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் 1996-ல் தொடுத்த வழக்கில், பத்து வருஷம் கழித்து, 2006 செப்டம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட் அல்லது ஹைகோர்ட் நீதிபதி தலைவராக இருக்க வேண்டும். ஜில்லா ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற ஜில்லா நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று கோர்ட் தெளிவாகச் சொன்னது. நீதிபதி உட்கார வேண்டிய நாற்காலியில் செயலாளரையும் கலெக்டரையும் உட்காரவைத்து, உத்தரவை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டுகிற ஏற்பாடுதான் 2013-ஆம் வருஷத்துச் சட்டம்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு இது. கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தின் தாசில்தார் கையிலேயே வரிவசூலும் இருந்தது, போலீஸ் அதிகாரமும் இருந்தது. கிஸ்தி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். உச்சி வெயிலில் குனிய வைத்துக் கட்டிப்போட்டார்கள். பார்லிமெண்டில் கேள்வி எழும்பிய பிறகு சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. அது 1855-ல் தந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அடிபட்டவனுக்குப் பரிகாரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் அதே அறிக்கை எடுத்துக் காட்டியது. அடிபட்டவன் கலெக்டரிடம் மனுக்கொடுத்தால், அந்த மனு எந்தத் தாசில்தார் மீது புகாரோ அந்தத் தாசில்தாரிடமே விசாரணைக்குத் திரும்பி வந்தது!

அந்த அறிக்கையைக் காரல் மார்க்ஸ் படித்தார். 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குற்றத்தைக் கீழ்மட்டச் சுதேசி உத்தியோகஸ்தர்கள் தலையில் கட்டிவிட்டு மேலதிகாரிகள் தப்பித்துக்கொள்வதை அவர் அதில் அம்பலப்படுத்தினார். அதன் பிறகு 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. தாசில்தாரிடமிருந்து போலீஸ் பிரிக்கப்பட்டது. ஆனால் அதிகாரி மீதான புகாரை அதிகாரியே விசாரிக்கிற முறை பிரியாமல் நின்றுவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. வாச்சாத்தியைக் கேட்கட்டும்.

1992 ஜூன் 20. தருமபுரி ஜில்லாவின் மலைவாசிக் கிராமமான வாச்சாத்திக்குள், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. வீடுகள் நாசமாக்கப்பட்டன. 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். ஜில்லா நிர்வாகம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதித்தது. மலைவாசிகள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடாமல் போராடி, கோர்ட் ஏறி, சி.பி.ஐ. விசாரணை பெற்றன. குற்றம் சாட்டப்பட்ட 269 உத்தியோகஸ்தர்களில் உயிரோடிருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29-ல் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை ஹைகோர்ட் அந்தத் தண்டனையை ஊர்ஜிதம் செய்தது. அத்தோடு நிற்கவில்லை. சம்பவ காலத்தில் இருந்த ஜில்லா கலெக்டர், போலீஸ் சூப்பரிண்டெண்டு, ஜில்லா வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது.

யார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது கோர்ட்? கலெக்டர் மீதும் சூப்பரிண்டெண்டு மீதும். 2013-ஆம் வருஷத்துச் சட்டம் ஜில்லாப் புகார் ஆணையத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறது? கலெக்டரையும் சூப்பரிண்டெண்டையும்!

தூத்துக்குடியிலும் இதே கதைதான். 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் வந்த ஜனங்களைப் போலீஸ் சுட்டது. 13 பேர் மாண்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. போலீசார் 17 பேர் மீது மட்டுமல்ல, அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கைக்கு அது சிபாரிசு செய்தது. ஆலைத் தொழிலாளிக்குத் துப்பாக்கிச் சூடு புதிய செய்தியல்ல. நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சு சர்க்காரின் சிப்பாய்கள் சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கொடி மாறியது, ஆட்சி மாறியது. சுட உத்தரவிட்டவனைக் கேள்வி கேட்கும் உரிமை மட்டும் இன்னும் ஜனங்கள் கைக்கு வரவில்லை.

நம் ஜில்லாவுக்கு வருவோம். 1993 மார்ச்சில், தென்னாற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிவதற்குச் சில மாதங்கள் முன்பு, முதனை கிராமத்துக் கூலிக்காரர் ராஜாக்கண்ணுவைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். லாக்கப்பில் அடித்தே கொன்றார்கள். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று கதை கட்டினார்கள். அவருடைய மனைவி ஓயவில்லை. செங்கொடித் தோழர்கள் அவருடன் நின்றார்கள். வழக்கறிஞர் சந்துரு ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவுக்காக வாதாடினார். குற்றவாளிப் போலீசார் தண்டனை பெற 2006 வரை ஆயிற்று. பதின்மூன்று வருஷம்! இந்தக் கதையைப் பின்னால் சினிமாவாகவும் ஜனங்கள் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் விட்டது சரி. தோழர்களும் நல்ல வக்கீலும் கிடைக்காத ராஜாக்கண்ணுகள் எத்தனை பேர் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19-ல் கைதான ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடுத்த நான்கு நாட்களுக்குள் இறந்துபோனார்கள். அந்த வழக்கில் உண்மையை வெளியே கொண்டுவந்தது எந்தப் போலீஸ் அதிகாரியின் விசாரணை? எதுவுமில்லை. ஹைகோர்ட் அனுப்பிய மாஜிஸ்டிரேட் ஸ்டேஷனுக்குள் போய் விசாரித்தார். அவரையே போலீசார் அவமதித்தார்கள். ஆனாலும் ஒரு பெண் தலைமைக் காவலர், அந்த இரவில் கண்டதை அவரிடம் சொன்னார். அங்கே இருந்த தடயங்களைக் காப்பாற்ற அந்த ஸ்டேஷனையே வேறு துறையின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது! வெளியார் விசாரணை வந்தால்தான் உள்ளே இருக்கும் நல்லவர்களும் வாய் திறக்க முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நமக்குப் போலீஸ்காரன் மீது ஜன்மப் பகை கிடையாது. காக்கிச் சட்டைக்குள் இருப்பவன் பெரும்பாலும் ஏழைக் குடியானவன் பிள்ளை. ஓய்வில்லாத வேலை, மேலதிகாரியின் வசவு, சங்கம் வைக்கவும் உரிமையில்லை. ‘மேலே இருந்து உத்தரவு’ என்று அடிக்கச் சொல்பவர் ஒருவர். அகப்பட்டால் சஸ்பெண்ட் ஆகிறவன் இன்னொருவன். சுதந்திரமான ஆணையம் இருந்தால் அநியாய உத்தரவை மறுக்கிற கான்ஸ்டபிளுக்கும் அது ஒரு பாதுகாப்பு.

‘வெளியார் தலையிட்டால் போலீசின் மனோதிடம் குலைந்துவிடும்’ என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். ரேஷன் கடைக்காரன் எடை குறைத்தால், அவனே தராசைச் சோதித்துக்கொள்ளட்டும் என்று விடுவோமா? பஞ்சாயத்துக் கணக்கைப் பஞ்சாயத்துத் தலைவரே தணிக்கை செய்யலாமா? மற்ற எல்லா இடத்திலும் கூடாது என்பது, துப்பாக்கியும் லத்தியும் லாக்கப்பும் இருக்கிற இடத்தில் மட்டும் எப்படிக் கூடும்?

கேரளத்தைப் பாருங்கள். 1957-ல் இ.எம்.எஸ். மந்திரிசபை, தொழில் தகராறுகளில் முதலாளிக்கும் நிலப்பிரபுக்கும் ஆதரவாகப் போலீஸ் தலையிடாது என்று கொள்கை அறிவித்தது. 2011-ல் அங்கே இடதுசாரி சர்க்கார் கொண்டுவந்த போலீஸ் சட்டம், புகார் ஆணையங்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகளையே தலைவர்களாக்கியது. அங்கத்தினர்களில் அதிகாரிகள் அங்கேயும் இருக்கிறார்கள், அது குறைதான். ஆனால் தலைவர் நாற்காலியில் போலீசுக்கு உத்தரவு போடுகிறவர் இல்லை. பக்கத்து மாநிலத்தில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

ஆகவே நாம் கோருவது இது. 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும். மாநில ஆணையத்துக்கும் ஜில்லா ஆணையத்துக்கும் ஓய்வுபெற்ற நீதிபதிகளே தலைவர்களாக வேண்டும். பதவியிலுள்ள எந்த அதிகாரியும் அங்கத்தினராகக் கூடாது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், மலைவாசிகள், தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். ஆணையத்துக்குச் சொந்தமாக விசாரணை ஊழியர்கள் வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் காத்துக்கிடக்கும் நிலை மாற, ஆணையம் தாலுகாக்களுக்கு வந்து உட்கார்ந்து புகார் கேட்க வேண்டும். வருஷாவருஷம் சட்டசபையில் அறிக்கை வைக்க வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1996-ல் சுப்ரீம் கோர்ட் வகுத்த விதிகள் உண்டு. கைது செய்தால் சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும்; உறவினருக்குத் தகவல் தர வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்டிரேட்டிடம் காட்ட வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவற்றை ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் எடுத்துச் சொல்லுங்கள். இருளர் குடிசைகளுக்கும் சூளைகளுக்கும் போய்ச் சொல்லுங்கள். ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டால், அவருடைய மனைவியைத் தனியே ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள். சங்கம் சேர்ந்து போகட்டும். மனு எழுதட்டும். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கட்டும்.

வாச்சாத்தியில் நீதி தானாக வந்துவிடவில்லை. முதனையிலும் வரவில்லை. சங்கம் கட்டி நின்றவர்கள் கேட்டு வாங்கினார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் வேலியிடம் போய் முறையிடுவதில் பலனில்லை. மேய்கிற வேலியைக் கேள்வி கேட்கும் உரிமையைச் சட்டமாக்கும்வரை, கெடாரிலும் விழுப்புரத்திலும் தமிழ்நாடெங்கும் உழைக்கும் ஜனங்கள் ஒன்றுபட்டுக் குரல் எழுப்ப வேண்டும்.