காலடியில் ஒரு வில்லன்!

பழைய வண்டின்னா உயிரை விடுற கோஷ்டியா நீங்க? இந்த வாரம் அமெரிக்கா வரைக்கும் ஒரு ரவுண்டு. டிக்கெட் ஃப்ரீ!

செவர்லே கம்பெனி 1947-ல் இருந்து 1955-ன் தொடக்கம் வரை 'அட்வான்ஸ் டிசைன்' என்ற பிக்கப் டிரக் வரிசையைத் தயாரித்தது. குண்டுக் கன்னமும் உருண்டை மூக்குமா பார்த்தாலே கொஞ்சத் தோணும். இன்னிக்கும் அங்கே பலர் இந்த டிரக்கை வாங்கி, பெரிய இன்ஜின் மாட்டி, ரோட்டில் விடுறாங்க. விடுறது ஈஸி. நிறுத்தணுமே? ஒரிஜினல் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நாலுக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். ஒரு ஹோஸ் பிஞ்சா மொத்தமும் காலி, ஹேண்ட் பிரேக்தான் கதி! அதனால் முன்னாடி டிஸ்க், கூடவே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி லைன் கொடுக்கிற டூயல் மாஸ்டர் சிலிண்டர்னு மாத்திடுவாங்க. (அமெரிக்க கார்களில் இந்த டூயல் சமாசாரம் பரவலானதே 1967 மாடல்களில் இருந்துதான்.)

இங்கேதான் ட்விஸ்ட். என்ன பார்ட்ஸ் வாங்குறோம்கிறதைவிட, எதை எங்கே வைக்கிறோம்கிறதுதான் மேட்டர்.

இப்போ வர்ற கார்களில் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கும்? பானெட்டைத் திறந்தா டிரைவருக்கு நேர் முன்னாடி, உயரத்தில். இந்த டிரக்கில் அப்படி இல்லை. டிரைவர் காலுக்குக் கீழே, சேஸிஸ் சட்டத்தில் ஒளிஞ்சிருக்கும். பெடல் தரையைத் துளைச்சுக்கிட்டு மேலே வரும். 'ஒரிஜினல் லுக் கெடக் கூடாது பாஸ்'னு புது சிலிண்டரையும் அதே இடத்தில் மாட்டுறவங்க நிறைய.

அப்படி மாட்டினா ஆயில் டப்பா தாழ்வாகவும் டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பர் அதைவிட உயரமாகவும் போயிடலாம். தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும்? பிரேக் ஆயிலும் அப்படித்தான். பெடலை விட்டதும் ஆயில் மெதுவா டப்பாவுக்கே திரும்பி இறங்கும். ஒரு மலைப்பாதை இறக்கத்தை யோசிச்சுப் பாருங்க. பிரேக்கை மிதிக்கிறீங்க, பெடல் பாதி தூரம் சும்மா போகுது. அந்த முதல் மிதி காலியான இடத்தை நிரப்புறதுக்கே சரியாப் போச்சு. வண்டி பிடிக்கிறது ரெண்டாவது மிதியில்தான். அதுவரைக்கும் வளைவு காத்திருக்குமா?

இதுக்கு வைத்தியம், கட்டை விரல் சைஸில் ஒரு ரெசிடுவல் வால்வு. ஆயில் முழுசாத் திரும்பாமல் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். டிஸ்க் லைனுக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனுக்கு 10 பி.எஸ்.ஐ. டிரம்முக்கு ஏன் ஜாஸ்தி? உள்ளே இருக்கிற ஸ்பிரிங் வலுவா இழுக்கும். தவிர, வீல் சிலிண்டரின் ரப்பர் கப் விரிஞ்சே இருந்தாத்தான் காத்து புகாது. ரெண்டையும் மாத்தி மாட்டினீங்க, முடிஞ்சுது கதை! டிஸ்க்கில் 10 நின்னா பேட் உரசிக்கிட்டே ஓடி சூடேறும். பழைய டிரம் வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே இந்த வால்வு ஒளிஞ்சிருக்கிறது உண்டு. அதை அப்படியே டிஸ்க்குக்கு இணைச்சாலும் அதே வம்புதான்.

தரைக்கடியில் இன்னொரு எதிரி, சூடு. வி-8 இன்ஜின் போட்டு, ரெண்டு பக்கமும் சைலன்ஸர் பைப் விட்டா, இடது பைப் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டியே போகலாம். அங்கே டிரைவர் சீட்டும் இடது பக்கம்தானே! டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனா அது ஈரத்தை உறிஞ்சுற ஜாதி. ஈரம் ஏறினா அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா லைனுக்குள்ளே ஆவி. ஆவியை அமுக்கினா அமுங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. பாஸ்கல் விதி, ஞாபகம் இருக்கா? பைப்பை விலக்கு, இல்லேன்னா நடுவில் ஒரு தகரத் தடுப்பு வை.

பின்சக்கர லைனில் மட்டும் ஒரு புரபோர்ஷனிங் வால்வு வேணும். சரக்கு இல்லாத பிக்கப்புக்குப் பின்பக்கம் ரொம்ப லைட். பிரேக் அடிச்சா எடை முன்னாடி சாயும், பின்சக்கரம் லாக் ஆகும், வண்டி வாலை வீசும். திருகு வெச்ச வால்வா வாங்கி, கை எட்டுற இடத்தில் வெச்சு, காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தே செட் பண்ணணும்.

கடைசியா ஒரு காமெடி. எல்லாம் மாட்டி முடிச்சு ஏர் எடுக்கிறாங்க. ஒருத்தர் மிதிக்க, இன்னொருத்தர் நட்டைத் திறக்க, அரை நாள் போயிடுது. பெடல் இன்னும் பஞ்சு மாதிரி! பார்த்தா, இடது காலிப்பர் வலதிலும், வலது காலிப்பர் இடதிலும். ஏர் எடுக்கிற நட்டு கீழே தலைகுப்புற. காத்து மேலே நிக்கும், நட்டு கீழே இருந்தா எப்படி வெளியே வரும்? கழட்டு, பக்கம் மாத்து, நட்டு உச்சியில் வர்ற மாதிரி மாட்டு, மறுபடியும் மிதி!