ஏரிக்கரைப் பாடசாலை

உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருபது வருஷமாகத் தொண்டையை நம்பியே நாம் ஜீவனம் செய்து வருகிறோம். கடைசி பெஞ்சில் தூங்குகிற பையனையும் திடுக்கிட்டு எழச் செய்யும் குரல் நமக்கு உண்டென்று சக உபாத்தியாயர்கள் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட குரல், நம் சொந்த வீட்டுத் தொட்டிலில் கிடந்த சின்னஞ்சிறு ஜீவன் ஒன்றை மட்டும் எட்டவில்லை என்று அறிந்துகொள்ள நமக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்தக் கதையை இந்த வாரம் சொல்ல உத்தேசம். நேயர்களில் யாரேனும் ஒருவருக்கு அந்த எட்டு மாதம் மிச்சமானாலும் எழுதியதற்குப் பலன் கிடைத்ததாகும்.

திருநின்றவூரில் நம் வீடு ரயில் பாதைக்குச் சமீபத்தில் இருக்கிறது. அரக்கோணம் மார்க்கமாக எக்ஸ்பிரஸ் வண்டி பாய்ந்து செல்லும்போதெல்லாம் தரை அதிரும். குழந்தையும் வாசற்பக்கம் தலையைத் திருப்புவாள். "பார்த்தாயா, பாம்புச் செவி!" என்று பாட்டி பூரித்துப் போவார். முதுகுப்புறம் நின்று கையைத் தட்டினாலும் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்டது கையின் நிழலை. உணர்ந்தது காற்றின் அசைவையும் தரையின் அதிர்வையும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது என்பதை எண்ணும்போது, பாட்டியின் வாக்கு ஒரு விதத்தில் பலித்தே இருந்தது!

முதலில் சந்தேகப்பட்டவள் பெற்ற தாய்தான். ஐந்தாம் மாதம் வளர்ந்துகொண்டிருந்த மழலை ஆறாம் மாதத்துக்கு மேல் குறைந்துகொண்டே வந்தது. "இவள் அப்பனே மூன்று வயதில்தான் பேசினான், இன்றைக்கு வாயை மூடுகிறானா, பார்!" என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்த ஹாஸ்யத்தை நாமும் ரஸித்தோம். அதன் விலை இரண்டு மாதம்.

குழந்தையின் செவியைச் சோதிக்கக் குழந்தை வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆரோக்கியமான உட்காது, தன்னிடம் வரும் ஒலிக்கு மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். இன்று பிறந்த சிசுவின் காதில் சிறு முனையொன்றை வைத்துச் சில நிமிஷங்களில் அந்த எதிரொலியை அளந்து விடுகிறார்கள். அதில் ஐயம் எழுந்தால், தூங்கும் குழந்தையின் தலையில் மின்வாய்களை ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பது நிபுணர்கள் வகுத்த கணக்கு. நாம் முதல் சோதனைக்குப் போனதே எட்டாம் மாதம்.

முடிவு தெரிந்த அன்று வீட்டில் ஒரு விசாரணை தொடங்கிற்று: இது யார் வம்சத்துக் குறை? காது நன்றாகக் கேட்கும் தாயும் தகப்பனும்கூட, தாங்கள் அறியாமலே இக்குறைக்கான மரபணுவை ஆளுக்கொன்று சுமந்திருக்கலாம் என்று வைத்தியர் விளக்கினார். குற்றவாளி அகப்படாமலே விசாரணை முடிந்தது. குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் ஒலிபெருக்கும் கருவிகள் வந்தன.

கருவி வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடும் என்று நினைத்தது நமது அடுத்த அறியாமை. கருவி ஒலியைத்தான் கொடுக்கும். அதை மொழியாக்குவது வீட்டாரின் வேலை. கைக்கெட்டும் தூரத்திலுள்ள குரலைத்தான் அது தெளிவாகப் பிடிக்கிறது. நம் வீட்டிலோ மின்விசிறியும் மிக்ஸியும் குக்கரும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கின்றன. எல்லாவற்றையும் கருவி ஒன்றுபோலப் பெருக்கிக் கொடுக்கிறது. ஆகவேதான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், காற்று கிளம்புமுன், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்பட்டோம்.

அங்கே நமது உபாத்தியாயர் குரல் செல்லாக்காசு. காதோரமாக, நிதானமாக, கண்டதையெல்லாம் சொல்ல வேண்டும். "கொக்கு நிற்கிறது. கொக்கு பறக்கிறது. தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது." கரையில் நடப்பவர்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு வாரம் ரயிலில் திருவள்ளூர் போய், அங்கிருந்து பஸ் ஏறிப் பூண்டி நீர்த்தேக்கம் காட்டினோம். சென்னைக்குக் குடிநீர் தர ஸ்ரீ சத்தியமூர்த்தி முயன்று தொடங்கிய அணை அது. அவர் 1943-இல் காலமானார். 1944-இல்தான் அது திறக்கப்பட்டது. திரும்பும் வழியில் குழந்தை கருவியைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசினாள். சட்டையோடு நூல் கட்டியிருந்த தாயின் முன்யோசனையால் அது கம்பியில் தொங்கிற்று. சகோதரிகள் இந்த நூல் விஷயத்தைக் குறித்துக்கொள்வார்களாக.

நாலு மாதம் போயிற்று. "இன்னும் பேசவில்லையா?" என்று கேட்காத அண்டை வீட்டார் இல்லை. நமக்கோ இந்த ஊர்ப் பூசலார் ஞாபகம் வந்தது. கையில் பொருளில்லாத அந்த அடியார் மனத்திலேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்த பல்லவ மன்னன், கனவில் இறைவன் ஆணை பெற்று இங்கு வந்து, "கோயில் எங்கே?" என்றபோது, ஊராருக்குப் பதில் தெரியவில்லை. கேட்கத் தொடங்கிய குழந்தைக்குள்ளும் இப்படித்தான் மொழி எழும்புகிறது. கல் அடுக்கும் ஓசை வெளியே வருவதில்லை.

ஒரு ஞாயிறு, கரையோரப் புதருக்குள் செம்போத்து ஒன்று அடித்தொண்டையில் குரல் கொடுத்தது. தரை அதிரவில்லை, நிழல் விழவில்லை, இலைகூட அசையவில்லை. குழந்தை திரும்பினாள். மறுபடி கூவியது, மறுபடி திரும்பி, தாயின் முகத்தைப் பார்த்து, "ஊ" என்றாள். நமக்கு அன்று பேச்சு வரவில்லை.

எல்லாக் குழந்தைக்கும் இக்கருவி போதாது. உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, 6 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. கைச்சாடை மொழியை ஏற்று வளர்க்கும் குடும்பங்களும் உண்டு. அதுவும் முழுமையான மொழியே. 1969-இல் சென்னையில் தோன்றிய பால வித்யாலயாவில் தாயும் குழந்தையும் சேர்ந்தே பாடத்துக்குப் போகிறார்கள். எந்த வழியானாலும் சீக்கிரம் தொடங்குவதே முக்கியம்.

நம் நாட்டில் பெயர் சூட்டும் தினத்தன்று குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்கிறோம். நாமும் சொன்னோம்; அவளுக்குக் கேட்கவில்லை. செம்போத்து கூவிய அன்று, ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து, காதருகில் மீண்டும் மூன்று முறை சொன்னோம். மூன்றாம் முறை சிரித்தாள். உங்கள் வீட்டில் அடுத்த தொட்டில் கட்டும்போது, பெயரைச் சொல்வதற்கு முன் அந்தச் சின்னக் காதைச் சோதித்து விடுங்கள்.