பத்து ரூபாய்க் கருணை!

தோழனே!

இராசிபுரத்துப் பொதுக்கூட்டம் முடிந்து, தோழர்களோடு பேசியிருந்துவிட்டு நாமக்கல் நோக்கிப் புறப்பட்டபோது வைகறை நான்கு மணி. வயல் உறங்கிற்று, வரப்பு உறங்கிற்று, கொல்லிமலைகூட முகிற்போர்வைக்குள் கண்ணயர்ந்து கிடந்தது. ஆனால், புதுச்சத்திரம் தாண்டியதும் சாலையோரத்து நீண்ட கொட்டகைகளிலே விளக்கெரியக் கண்டேன். கோழிகளுக்கு மட்டும் விடிந்துவிட்டது! கதிரவன் வந்து எழுப்பவில்லை. கணக்கு வந்து எழுப்பிற்று. வெளிச்சம் நீண்டால் முட்டை பெருகும் என்ற கணக்கு!

உடன்வந்த தோழர் ஒரு பண்ணையின் உரிமையாளர். கழகக் கொடியைக் காலமெல்லாம் தோளில் சுமந்தவர். தம் கொட்டகைக்குள் அழைத்துச் சென்றார். அடுக்கடுக்காய்க் கம்பிக் கூண்டுகள். ஒரு பறவைக்குக் கிடைக்கும் இடம், நீ வட்டாட்சியருக்கு மனு எழுதுகிறாயே, அந்தத் தாளின் அளவுகூட இல்லை! சிறகு உண்டு, விரிக்க வழியில்லை. கால் உண்டு, கிளற மண்ணில்லை. அலகு உண்டு, அதன் நுனி இளமையிலேயே வெட்டப்பட்டுவிட்டது. முட்டை குறைகின்ற நாள்வரை இந்த வாழ்வு. குறைந்த மறுநாள் கறிக்கடை.

"இவற்றோடு பொரித்த சேவற்குஞ்சுகள் எங்கே?" என்று கேட்டேன். தோழர் தலைகுனிந்தார். முட்டையிட வழியில்லாதவை, கறிக்கும் கொழுக்காத இனம், ஆகவே பொரிப்பகத்திலேயே அவற்றின் கணக்கு முடிக்கப்படுகிறது.

வெளியே வந்ததும் தோழர் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஏனுங்க அண்ணா, இதைப் போய் மேடையில பேசிராதீங்க. முட்டைதானுங்க நம்ம ஊருக்குச் சோறு போடுது" என்றார்.

மேடையில் பேசவேண்டாம் என்றார், ஆகவே எழுதுகிறேன்!

அவர் சொன்னதிலே பொய்யில்லை. மழை பொய்த்த மண் நம் மண். மானாவாரிச் சோளத்தை நம்பி ஏமாந்த உழவன், லாரியையும் முட்டையையும் நம்பித் தலைநிமிர்ந்தான். 1989ஆம் ஆண்டு சத்துணவுத் தட்டிலே முட்டை வந்தது; 2010 முதல் கிழமைக்கு ஐந்து முட்டை என்றாயிற்று. ஏழைப் பிள்ளையின் எலும்புக்கு வலுவூட்டியது நம் சமவெளியின் முட்டை. அதை மறப்பவன் நன்றி கொன்றவன்.

ஆனால் தோழனே, நன்றி யாருக்கு? பண்ணையாருக்கு மட்டுமா? முட்டையிட்டதே அந்தப் பறவை, அதற்கு இல்லையா?

இங்கேதான் நம் எதிரிகள் வருகிறார்கள், கருணையின் மொத்தக் குத்தகைதாரர்கள்! இவர்களின் கருணைக்கு ஒரு வரலாறு உண்டு. கேள்.

1950ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது, கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க. அரை நூற்றாண்டு ஏட்டிலே உறங்கியதை 2003இல் தட்டி எழுப்பினர். முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குத் தடை. இறைச்சிக்கடைக் கொக்கியிலே தொங்கும் கிடாய்க்குத் தடையில்லை! அதே ஆடு, அதே கத்தி, அதே குருதி. குற்றம் எதிலே? ஆட்டின் கழுத்திலா, அறுப்பவனின் குலசாமியிலா? மக்கள் முகஞ்சுளித்தனர், 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

2017 மே 23. ஒன்றிய அரசு விதியொன்றை வெளியிட்டது; கால்நடைச் சந்தையிலே இறைச்சிக்காக மாடு விற்கலாகாது என்று. நம் புதன்சந்தைக்கு வந்து பார்த்தவன் இதை எழுதியிருப்பானா? கறவை வற்றிய மாட்டை விற்ற காசிலேதானே அடுத்த மாட்டுக்கு முன்பணம் கொடுக்கிறான் உழவன்! அவன் கயிற்றை அறுத்துவிட்டு, "விலங்குவதை தடுப்பு" என்று பெயரிட்டார்கள். மே 30ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலை 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

2015ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்து முதலமைச்சர் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை தரமுடியாது என்று மறுத்தாரே, நினைவிருக்கிறதா? கோழியின்பால் கொண்ட இரக்கமா அது? இரக்கம் என்றால் கூண்டையல்லவா உடைத்திருக்கவேண்டும்! கூண்டைத் தொடவில்லை, குழந்தையின் தட்டைத் தட்டிவிட்டார்கள்.

உண்பவனைக் குற்றவாளியாக்குவதே இவர்கள் கருணையின் வேலை. உயிரின் வலியைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இவ்வளவையும் நாம் எதிர்த்தோம்; சரியாகவே எதிர்த்தோம்.

இனி, நம் முதுகைப் பார்ப்போமா?

2014 மே 7ஆம் நாள் ஏறுதழுவலுக்குத் தடை வந்தது. 2017 சனவரியிலே தமிழ்நாடே தெருவுக்கு வந்தது; மெரினா மணலிலே மனிதக் கடல்! சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே 18ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அதை ஏற்றது. கூலமேட்டிலும் அலங்காநத்தத்திலும் வாடிவாசல் திறந்தது. அன்று நாம் மேடைதோறும் முழங்கியது என்ன? "காளையை வளர்ப்பவன் பிள்ளைபோல் வளர்க்கிறான்; எங்கள் அன்பை எவனும் எங்களுக்குக் கற்பிக்க வேண்டா" என்றோம். நானும் முழங்கினேன், கைதட்டல் வாங்கினேன்.

அந்தச் சொல் உண்மையானால், கோழிக்கு ஏன் பொருந்தவில்லை? காளைக்குத் திமில் உண்டு, பெருமை உண்டு, பொங்கல் உண்டு. கோழிக்கு? அதற்குத் திருவிழா இல்லை. ஆகவே அதற்குத் தோழனும் இல்லை!

சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது! மாநிலங்களவையிலே ருக்மிணி தேவி அருண்டேல் வாதாடியதன் பயனாய்ப் பிறந்த 1960ஆம் ஆண்டு விலங்குவதை தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது: உடலசைவுக்குப் போதிய உயரம், நீளம், அகலம் இல்லாத கூண்டிலே ஓர் உயிரை அடைப்பது குற்றம். எவ்வளவு தெளிவு! தண்டனை? முதற்குற்றத்துக்குக் குறைந்தது பத்து ரூபாய். மிகுந்தால் ஐம்பது ரூபாய்! ஒரு கோழியின் வாழ்நாள் சிறைக்குச் சட்டம் வைத்த விலை, அது இடும் சில முட்டையின் விலை!

2017 சூலையிலே சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையைக் கோழிகளின் நிலைக்கென்றே எழுதியது. 2023இல் முட்டைக்கோழிகளுக்கென விதிகள் வந்தன: ஒரு பறவைக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம். மகிழ்ச்சி! ஆனால், தட்டச்சுக்குப் பயன்படும் ஏ4 தாளை எடுத்து அளந்து பார். அதன் பரப்பு 623 சதுர சென்டிமீட்டருக்கும் மேல். சீர்திருத்தம் வந்தபின்னும் கோழிக்கு ஒரு தாள் நிறைய இடமில்லை! சுவிட்சர்லாந்து இத்தகைய கூண்டை 1992இலேயே ஒழித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 சனவரி 1 முதல் வெறுங்கூண்டைத் தடைசெய்து, அமரும் கம்பும் முட்டையிடும் மறைவும் உள்ள கூண்டானால்கூடப் பறவைக்கு 750 சதுர சென்டிமீட்டர் வேண்டும் என்றது. சேவற்குஞ்சுகளைக் கொன்று குவிப்பதை ஜெர்மனி 2022 முதல் தடுத்துவிட்டது. அங்கெல்லாம் முட்டை உண்பதை விட்டுவிட்டார்களா? இல்லையே!

"கொன்று தின்பவனுக்குக் கருணை பேச உரிமையுண்டா?" என்று எள்ளி நகையாடுவோர் உளர். உண்டு, அவனுக்குத்தான் கூடுதலாக உண்டு! கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி வேட்டையாடியவன். ஒரே அம்பிலே யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புலவர் பாடினர். ஆனால், அவன் அம்புபட்ட மான் அந்த நொடிவரை காட்டிலே ஓடியது, தளிர் மேய்ந்தது, தன் துணையோடு திரிந்தது. நம் பாட்டிமார் பஞ்சாரத்திலே கவிழ்த்த கோழியும் பொழுது விடிந்தால் குப்பை கிளறியது; புழுதியிலே குளித்தது; பிறகே குழம்பாயிற்று. சாவு ஒரு நாள் வருவது. வாழ்வையே சாவாக்குவது வேறு, அதுதான் வதை!

ஆகவே, புலால் மறுத்தவரின் சொத்தன்று கருணை. உண்பவனின் கடன் அது!

பண்ணைத் தோழரின் அச்சமும் எனக்குப் புரிகிறது. மக்காச்சோளமும் சோயாவும் விலையேறும். முட்டை விலையோ நாள்தோறும் எழுதப்படும். கோடை வெயிலிலே கோழி செத்து விழுந்தால் இழப்பு அவர் தலையிலே. கூண்டைப் பெரிதாக்கு என்று அவரிடம் மட்டும் சொல்வது, சுமைக்காரன் தலையிலே இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும். ஆகவே நம் கோரிக்கை கோட்டையை நோக்கி எழட்டும்:

கூண்டை மாற்றும் பண்ணைக்குக் குறைந்த வட்டியில் நீண்ட தவணைக் கடன் கொடு! சத்துணவுக்கு வாங்கும் முட்டையிலே, விசாலமான கொட்டகை முட்டைக்கு முன்னுரிமையும் கூடுதல் விலையும் கொடு! 1985 முதல் நாமக்கல்லிலே நம் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; நம் வெயிலுக்கேற்ற கொட்டகையை வகுத்துத் தரும் பணியை அதனிடம் ஒப்படை! தில்லியே, பத்து ரூபாய்த் தண்டத்தைக் கிழித்தெறி. பெரும்பண்ணைக்குப் பெருந்தண்டமும், சிறுபண்ணைக்குக் கால அவகாசமும் எழுது!

முட்டையை நிறுத்து என்பவனிடம் சொல்: "பிள்ளையின் தட்டிலே கைவைக்காதே!" முட்டை போதும், கோழியை மறந்துவிடு என்பவனிடமும் சொல்: "அதே தட்டின்மேல் ஆணை, மறக்கமாட்டேன்!"

இரண்டாவதைச் சொல்லும்போது நம் கூட்டத்திலே கைதட்டல் குறையும். எனக்குத் தெரியும். கல்லூரியைப் பாதியில் விட்டு மேடையேறியவன் நான். கைதட்டலின் சுவை அறிந்தவன். ஆனால், கைதட்டல் விழும் இடத்திலே மட்டும் நீதி பேசுபவன் கூத்தாடி. அவன் கொள்கைக்காரன் அல்லன்.

அந்தப் பண்ணைத் தோழர் இதைப் படிப்பார். என்மீது சினம் கொள்வார். சினம் தணிந்த பின், ஒரு தாளை எடுத்துக் கூண்டின் அடியிலே வைத்து அளந்து பார்ப்பார். அவர் கழகத்துக்காரர், அளந்தபின் வாளாயிருக்க அவரால் இயலாது. உன்னாலும் இயலாது தோழனே!